தாத்தா துப்பாக்கிக்கு 90 லட்சம் என்று சொன்னது யார்?

கேள்வி: ஐயா, எனக்குச் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். வயது 43. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். அப்பா தவறி 14 மாதம் ஆகிறது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. குழல்மேல் ‘டபிள்யூ. டபிள்யூ. கிரீனர்’ என்று பொறித்திருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. இன்னொன்று, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. அதன் பக்கவாட்டுத் தகட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும் இருக்கின்றன. ஜமீனிலிருந்து வந்தது என்பார்கள்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், இரண்டும் சேர்ந்து 90 லட்சம் போகும், பெங்களூரில் பார்ட்டி ரெடி என்றார். சோதனைச் சான்றிதழ், முத்திரைக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று நான்கு மாதத்தில் 3,40,000 ரூபாய் கட்டிவிட்டேன். இன்னும் 2 லட்சம் கேட்கிறார். பணம் வந்துவிடும் என்று ஒரு மனைக்கு 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு 30 லட்சம் என்று கணக்குப் போட்டு, சித்தப்பா தன் பங்கில் 3 லட்சம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். இதற்கெல்லாம் பர்சனல் லோன் 4 லட்சம், நகைக்கடன் மூன்றரை லட்சம், வெளியில் இரண்டு வட்டிக்கு 5 லட்சம். இப்போது சித்தப்பா, “பாக்கி 27 லட்சத்தைக் கொடுத்துவிட்டு என் பங்கையும் நீயே வைத்துக்கொள், நாளைக்கு விலை ஏறினால் உனக்குத்தான் லாபம்” என்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கொடுக்கலாமா? போட்டோ எடுப்பதற்காக இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறோம். படங்கள் இணைத்துள்ளேன். இரட்டைக்குழல் வந்த தோல்பெட்டியும் இருக்கிறது. அதில் அம்மா பழைய துணி போட்டு வைத்திருக்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் நீங்கள் போடாத கணக்கைப் போடுவோம். பர்சனல் லோனுக்கு 14 சதவீதம், மூன்று வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 13,700. நகைக்கடனுக்கு 9 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 2,600. இரண்டு வட்டி 5 லட்சத்துக்கு மாதம் 10,000. இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மொத்தம் 26,300. உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே போய்விட்டது. இதன்மேல் 27 லட்சம் அடமானக் கடன், பத்தரை சதவீதம், 15 வருஷம் என்றால் தவணை 29,800. இரண்டையும் கூட்டினால் 56,100. மீதி 1,900 ரூபாய். அதில் குடும்பம் நடத்தும் வித்தையைச் சித்தப்பா சொல்லிக்கொடுப்பாரா என்று கேளுங்கள்.

மொத்தக் கடன் பன்னிரண்டரை லட்சம். நீங்கள் எழுதியிருக்கும் செலவு 11,40,000தான் வருகிறது. மீதி எங்கே என்று நான் கேட்கவில்லை. பெங்களூருக்கு நாலு தடவை கார் எடுத்தால் கரையாதா என்ன.

உங்கள் பிரச்சினை துப்பாக்கி இல்லை. விற்காத பொருளின் விலையைக் கையில் இருக்கும் பணமாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் தவறில்லை, அதற்குச் செலவு கிடையாது. நீங்கள் பள்ளிக்கூட ஃபீஸே கட்டிவிட்டீர்கள். மனை அட்வான்ஸ், சித்தப்பா அட்வான்ஸ், சான்றிதழ் கட்டணம் எல்லாம் அந்த 90 லட்சம் என்ற ஒரே வாய்வார்த்தையின் மேல் நிற்கின்றன.

அந்த 90 லட்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. 2019ல் இங்கிலாந்தில் திப்பு சுல்தானின் வெள்ளி வேலைப்பாடு கொண்ட துப்பாக்கி ஒன்று 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் ஐம்பது லட்சத்துக்கும் மேல். செய்தி எல்லா மொழியிலும் வந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பரணில் துருப்பிடித்த குழாய் வைத்திருந்தவரெல்லாம் லட்சாதிபதி ஆகிவிட்டார். ஆனால் அந்த விலை இரும்புக்குக் கொடுத்தது இல்லை. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் ஒருவர் கொண்டுபோன பொருள், அவர் வம்சத்திலேயே கைமாறி இருந்தது; இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு வந்தது என்று சங்கிலி அறுபடாமல் சொல்ல முடிந்தது. அந்தச் சங்கிலிக்குத்தான் விலை.

அமெரிக்காவில் இன்னும் அப்பட்டமான உதாரணம் உண்டு. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை 1881ல் சுட்டுக்கொன்ற ஷெரிஃப் பேட் காரெட்டின் ரிவால்வர் (Colt என்ற கம்பெனி செய்தது), 2021ல் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே வகை ரிவால்வர், யார் வைத்திருந்தார் என்று தெரியாதது, சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். இரண்டிலும் இரும்பு ஒன்றுதான். ஒன்றுக்குக் காகிதம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. “ஜமீனிலிருந்து வந்தது என்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘என்பார்கள்’ என்ற சொல்லுக்கு ஏலக்காரர் ஒரு பைசா கூட்டிக் கொடுக்க மாட்டார். எந்த ஜமீன், எந்த வருஷம், யாருக்குக் கொடுத்தது, கடிதம் உண்டா, போட்டோ உண்டா என்றுதான் கேட்பார்.

துப்பாக்கி விஷயத்தில் நான் நிபுணன் இல்லை. அதனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவரிடம் உங்கள் படங்களைக் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த சொல்லை இங்கே எழுத முடியாது. இரண்டாவதாகச் சொன்னது, “தேய்ச்சுட்டாங்களே சார்.”

கிரீனர் நல்ல பெயர்தான். பர்மிங்காமில் பெரிய கம்பெனி. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் தரம் பல. நுணுக்கமான சித்திர வேலையோடு செய்த உயர்தரமும் உண்டு, தோட்டக்காரர் பன்றி விரட்ட வாங்கும் சாதாரண ரகமும் உண்டு. உங்களுடையது இரண்டாவது வகை என்கிறார் நண்பர். இந்தச் சாதாரண ரக இரட்டைக்குழல்கள் இங்கிலாந்து ஏலங்களில் சில நூறு பவுண்டுக்குப் போகின்றன. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அரை லட்சத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும்.

அதிலும் பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதன் பழைய மேல்பூச்சு. அந்தக் காலத்தில் இரும்புக்கு ஏற்றிய நீலமும் பழுப்பும் கலந்த நிறம், கூர் மழுங்காத செதுக்கல், கைப்பிடியில் பிடிமானத்துக்காகக் கீறிய குறுக்குக்கோடுகள், யாரும் திருப்பாத திருகாணித் தலைகள். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் குறுக்குக்கோடுகளுக்குள் வார்னிஷ் ஜிலேபிப் பாகு மாதிரி உறைந்து நிற்கிறது. பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் தகட்டில் இருந்த பூச்செதுக்கல் பாதி ஆவியாகிவிட்டது. ‘கிரீனர்’ என்ற எழுத்தில் கடைசி எழுத்து தடவினால்தான் தெரியும் போலிருக்கிறது. துரு இருந்தபடியே விட்டிருந்தால் இதைவிடக் கூடுதல் விலை சொல்லியிருப்பேன் என்றார் நண்பர். பித்தளைக் குத்துவிளக்கு விலக்குகிற பழக்கத்தை இதில் காட்டிவிட்டீர்கள்.

குழலைக் கழற்றினால் அடிப்பக்கம் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பர்மிங்காமில் 1813லிருந்து சோதனைச் சாலை ஒன்று உண்டு; அங்கே கூடுதல் மருந்து வைத்து வெடித்துப் பார்த்துத் தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. கரிமருந்துக்கு மட்டும் சோதித்ததா, இப்போதைய தோட்டாவுக்கும் சோதித்ததா என்பது அந்த முத்திரையில் தெரியும். சுட முடிகிற துப்பாக்கிக்கும் சுவரில் மாட்ட மட்டுமே லாயக்கான துப்பாக்கிக்கும் விலை பிரிகிற இடம் அதுதான். நண்பர் முதலில் கேட்டது அந்தப் படத்தை. நீங்கள் அதை எடுக்கவே இல்லை. அங்கேயும் உப்புத்தாள் போகவில்லை என்று நம்புகிறேன்.

சரி, அந்த ‘டவர்’ துப்பாக்கி. லண்டன் டவரில் ஏதோ ராஜா வைத்திருந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. லண்டன் டவர், பிரிட்டிஷ் ராணுவத்துக்கான துப்பாக்கிகளைச் சரிபார்த்து இருப்பு வைத்த இடம் என்பதால் அந்த முத்திரை. அது லட்சக்கணக்கான துப்பாக்கிகளில் இருக்கிறது. ‘பிரவுன் பெஸ்’ என்று சொல்லும் மஸ்கெட்டில், அதாவது வாய்வழி மருந்து கெட்டிக்கிற பழைய ராணுவத் துப்பாக்கியில், ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே ஒரு வகை உண்டு, 39 அங்குலக் குழலோடு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்ததில் இதய வடிவத்துக்குள் எழுத்துகள் கொண்ட முத்திரையோ, பிற்காலத்தில் சிங்கமோ இருக்கும். அசலாக, யாரும் கை வைக்காததாக இருந்தால் இங்கிலாந்தில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பவுண்டு வரை போகலாம். ஆனால் ‘டவர்’ என்று குத்திய நகல்களுக்கும் குறைவில்லை. கைபர் கணவாய்ப் பக்கம் ஒரு காலத்தில் இதே தொழிலாகச் செய்தார்கள். சுவர் அலங்காரத்துக்கென்று இந்தியாவிலும் செய்கிறார்கள். உங்கள் படத்தில் கிரீடம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, எழுத்துகள் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கின்றன. அரசாங்கப் பட்டறையில் அச்சுக் குத்தினால் இப்படி வராது என்று நண்பர் சந்தேகப்படுகிறார். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

இரண்டும் சேர்த்து எவ்வளவு தேறும் என்று கேட்டேன். மென்று முழுங்கிவிட்டு, “அஞ்சு வந்தா அதிர்ஷ்டம்” என்றார். வாதத்துக்கு 5 லட்சம் என்றே வைப்போம். மூன்று பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 1,67,000. சித்தப்பா ஏற்கெனவே வாங்கியிருப்பது 3 லட்சம். அதாவது அவர் பங்கு முழுசாகப் போய், அதற்குமேல் சுமார் 1,33,000 அவர்தான் உங்களுக்குத் தரவேண்டும். அவர் உங்களிடம் 27 லட்சம் கேட்கிறார்! அத்தையிடம் இதுவரை யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா? கடிதத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது, குரல் இல்லை.

நான் ஏன் இங்கிலாந்து விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், உங்கள் தரகரும் அதைத்தான் காட்டியிருப்பார். ஆனால் அந்தச் சந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் சட்டம் நிற்கிறது. நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ம் வருஷத்துச் சட்டம் விடாது. உள்நாட்டில் என்றால், வாங்குகிறவருக்கு ஆயுத லைசென்ஸ் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, முன்பு மூன்று. மூன்று வைத்திருந்த சாதாரண லைசென்ஸ்காரர்கள் ஒன்றைக் கழிக்க வேண்டி வந்தது. லைசென்ஸ்காரர் ஒருவர் இன்னொருவருக்குத் தனியாக விற்பதானாலும் கலெக்டர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். ‘பார்ட்டி ரெடி, நாளைக்கே பணம்’ என்று இந்த வியாபாரத்தில் ஒன்று கிடையவே கிடையாது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்கு அநேகமாக அடைபட்டுவிட்டதால், இங்கே இருக்கும் நல்ல நிலைமை இங்கிலீஷ் துப்பாக்கிக்கு இங்கிலாந்தைவிடக் கூடுதல் விலை கிடைப்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல், சுடக்கூடிய, குழலை மடக்கிப் பூட்டினால் லொடலொடக்காத, காகிதம் சுத்தமாக உள்ள துப்பாக்கிக்கு. உப்புத்தாள் போட்டதற்கு இல்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. வாங்குகிறவன் விற்கிறவனிடம் பணம் கேட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மாடு விற்கப் போனால் வியாபாரி துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவான், உங்களிடம் சான்றிதழ் கட்டணம் கேட்க மாட்டான். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் ‘ரைஸ் புல்லர்’ பாத்திரம் என்று ஊர் ஊராக ஏமாந்தவர்கள் கதையை நீங்களே டீக்கடையில் சிரித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். இதுவும் அதே ஆட்டம்தான். அந்த 3,40,000 திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றோடு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதையும் அழிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில்; அப்பா இல்லை. அப்படியானால் 14 மாதமாக அந்த இரட்டைக்குழல் உங்கள் வீட்டில் எந்தக் கணக்கில் இருக்கிறது? லைசென்ஸ்தாரர் இறந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கி பழசுதானே என்று விட்டுவிடாதீர்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. அது அந்த நிலையில் இருக்கிறதா என்று முடிவு செய்யவேண்டியது நீங்களோ சித்தப்பாவோ இல்லை. இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அவர் சொல்கிற முறைப்படி இரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நீங்களாகக் கோணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கு மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அத்தை கையெழுத்து அங்கேயும் தேவைப்படுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எனக்குத் துப்பாக்கி வேண்டாம் என்றால், ஒப்படைத்த கடைக்காரர் மூலமே விற்பதுதான் ஒழுங்கான வழி.

“இதெல்லாம் மாற்று முதலீடு, வருஷாவருஷம் ஏறும்” என்று தரகர் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கைக்கடிகாரம், விஸ்கி, ஓவியத்தில் கால் பங்கு என்று இப்போது எதைத் தொட்டாலும் அந்தப் பெயர்தான். வட்டி தராத, வாடகை தராத, எண்ணெய் போட்டுப் பாதுகாக்க நாம் செலவு செய்கிற பொருள் அது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

கடனை அடைக்கும் வழிக்கு வருகிறேன். கையில் திரும்பக்கூடிய ஒரே பணம் மனை அட்வான்ஸ். ஒப்பந்தக் கெடு முடியுமுன் விற்பவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஐம்பதாயிரம் பிடித்துக்கொண்டு நாலரை லட்சம் தந்தாலும் வாங்கிவிடுங்கள். அதை அப்படியே இரண்டு வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மாத வட்டி பத்தாயிரத்திலிருந்து ஆயிரத்துக்கு இறங்கும். மிச்சமாகும் 9,000 ரூபாயில் ஆறு மாதத்தில் மீதி ஐம்பதாயிரமும் வட்டியும் தீர்ந்துவிடும். அப்புறம் நகைக்கடன். பர்சனல் லோன் தன்பாட்டில் ஓடட்டும். போனில் ‘டாப்-அப் லோன் தயார்’ என்று வரும் செய்தியை மட்டும் திறக்காதீர்கள்.

சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அப்படித்தான். அத்தையையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “சித்தப்பா, எனக்கு 30 லட்சம் வேண்டாம். 10 லட்சம் போதும். துப்பாக்கி இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், லாபமெல்லாம் உங்களுக்கு.” 90 லட்சத்தை நிஜமாக நம்புகிறவர் அன்று சாயங்காலத்துக்குள் பணம் புரட்டிக்கொண்டு வருவார். வரவில்லை என்றால் விலை என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக அந்தத் தோல்பெட்டி. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நண்பர் முகம் மலர்ந்தது அந்த ஒரு வரிக்குத்தான். துப்பாக்கியோடு சேர்ந்து வந்த பெட்டி, உள்மூடியில் ஒட்டிய கடை லேபிள், குழல் துடைக்கும் கம்பி எல்லாம் கூடவே இருந்தால் விலை தனி. கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் உட்பட அந்தக் காலத்து மெட்ராஸ் கடைகள் சில, இங்கிலீஷ் துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் போட்டு விற்றிருக்கின்றன. அப்படி ஒரு லேபிளோ, தாத்தா பெயரில் ரசீதோ பெட்டி அடியில் கிடந்தால், ஜமீன் கதைக்கு இல்லாத மதிப்பு அந்தக் காகிதத்துக்கு உண்டு. அம்மாவிடம் கேட்டுத் துணிகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். உள்ளே இருப்பதைப் போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்கள். ஈரத்துணி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், வார்னிஷ் டப்பாவை முதலில் தூக்கிப் போடுங்கள்.